வெளியேறு நிலை (கிட்)

வெளியேறு நிலை என்பது கட்டளைவரியில் இயங்கும் ஒரு நிரல், தன் பணி முடிந்ததும் தன்னை அழைத்த நிரலுக்கு விட்டுச்செல்லும் எண் ஆகும். யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் இது 0 முதல் 255 வரை அமையும். 0 எனில் வெற்றி. ஏனையவை பொதுவாகத் தோல்வி. திரையில் தோன்றும் செய்தி மனிதருக்கானது. இவ்வெண் பிற நிரல்களுக்கானது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பிற நிரல்களும் மிகுதியாக அழைப்பதால், அதில் இவ்வெண்களைச் சோதிப்பது இன்றியமையாதது.

எண்களின் பொருள்

கிட்டில் 0 அல்லாத எண் எப்போதும் பிழையைக் குறிப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு களஞ்சியத்தில் "காஞ்சிபுரம்" என்னும் சொல்லை "கிட் கிரெப்" கட்டளையால் தேடினால், சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1 திரும்பும். களஞ்சியம் அல்லாத ஓர் அடைவில் அதே கட்டளையை இட்டால் 128 திரும்பும். "சொல் இல்லை" என்பதும் "தேடவே இயலவில்லை" என்பதும் வெவ்வேறு விடைகள். கட்டளையின் தெரிவுகளைத் தவறாக எழுதினால் 129 கிடைக்கும்.

சோதனை

கிட்டின் மூல நிரலுடன் ஷெல் நிரல்களாக எழுதப்பட்ட பெரிய சோதனைத் தொகுதி ஒன்றும் வருகிறது. தவறான உள்ளீட்டைக் கட்டளை மறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் அதில் பல உண்டு. "0 வராவிட்டால் சரி" என்று மட்டும் எழுதுவது ஆபத்தானது. கட்டளை முறையாக மறுக்காமல், நினைவகப் பிழையால் நொறுங்கி விழுந்தாலும் ஷெல் 139 என்ற எண்ணைத் தரும் (128 உடன் சமிக்ஞை எண் 11), சோதனையும் தேறிவிடும். இதனால் கிட்டின் சோதனைகளில் இதற்கெனத் தனிச் செயற்கூறு பயன்படுகிறது. அது சமிக்ஞையால் நேர்ந்த முடிவையும், கட்டளையே காணப்படவில்லை என்னும் 127 ஐயும் ஏற்பதில்லை.

குழாய்க் குறியும் இத்தகைய மறைப்பைச் செய்யும். இரு கட்டளைகளைக் குழாயால் இணைத்தால், வழக்கமாகப் பின்னதன் எண்ணே மிஞ்சும். ஆகவே கிட்டின் வெளியீட்டை முதலில் ஒரு கோப்பில் சேமித்துப் பின்னர் ஆராய்வதே அங்கு மரபு. சோதனையின் வரிகளை இணைக்கும் "&&" குறி ஓரிடத்தில் விடுபட்டாலும், அதற்கு முந்தைய தோல்வி தொலைந்துபோகும். இதைக் கண்டறிய 2015 இல் ஒரு வழி சேர்க்கப்பட்டது: சோதனையின் முன்னால் 117 என்ற எண்ணுடன் வெளியேறும் கட்டளை ஒட்டப்படும். சங்கிலி அறுபடாதிருந்தால் வேறெதுவும் இயங்காமல் 117 அப்படியே திரும்பும். எளிய உத்தி, ஆனால் நல்ல பலன்.

வழுவைத் தேடுதல்

"கிட் பைசெக்ட் ரன்" கட்டளை, வழு நுழைந்த மாற்றத்தை இருகூறாக்கித் தேடுகிறது. பயனர் தரும் சோதனை நிரல் 0 தந்தால் அப்பதிப்பு நல்லது. 125 தவிர்த்த 1 முதல் 127 வரையிலான எண்கள் வழுவுள்ளதைக் குறிக்கும். 125 "சோதிக்க இயலாது, தாண்டுக" என்று பொருள்படும். 126, 127 ஆகியவற்றை ஷெல் தனக்கென வைத்திருப்பதால் 125 தேர்ந்தெடுக்கப்பட்டது. 128 அல்லது அதற்கு மேல் வந்தால் தேடல் நின்றுவிடும். எனவே நொறுங்கும் வழுவைத் தேடுபவர் 139 ஐ 1 ஆக மாற்றித் தரவேண்டும்.

சோதனை நிரலுக்கு இயக்க அனுமதி தர மறந்தால், எல்லாப் பதிப்புகளுக்கும் 126 அல்லது 127 வந்து, குற்றமற்ற ஒரு மாற்றத்தின் மீது பழி விழும். 2022 இல் வெளியான கிட் 2.36 இந்நிலையை அடையாளம் கண்டு, தேடலைத் தொடக்கத்திலேயே நிறுத்த முயல்கிறது.