எஞ்சின் எங்கே?

மைசூரு ரயில் அருங்காட்சியகத்தில் கூட்டமெல்லாம் பெரிய நீராவி எஞ்சின்களைச் சுற்றியும், 1899-இல் செய்த மகாராணியின் சலூன் பெட்டியைச் சுற்றியும்தான். நான் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து ரயிலேறிப் போனது ஓர் ஆஸ்டின் காரைப் பார்க்க. அசல் கார்தான். ரப்பர் டயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் விளிம்பு வைத்த இரும்புச் சக்கரம்.

கூட வந்த பேரன், "இதை எந்த எஞ்சின் தாத்தா இழுக்கும்?" என்றான். எதுவும் இழுக்காது, தானே ஓடும் என்றேன். அவனுக்கு அவ்வளவுதான், அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டான். எனக்கு அப்படி நகர முடியவில்லை, காரணம் அப்பா.

அப்பா திருவனந்தபுரத்தின் தம்பானூர் ஸ்டேஷனில் ஷண்டிங்கில் இருந்தவர். நாகர்கோவில் பாதை திறந்த 1979 வரைக்கும் திருவனந்தபுரத்தோடு தண்டவாளம் முடிந்துவிடும். வந்து நின்ற எஞ்சின் பெட்டிகளுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கும். கப்ளிங்கைக் கழற்றி, வாக்குவம் குழாயைப் பிரித்து, எஞ்சினைப் பக்கத்து லைன் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய், மறுபடி மாட்டவேண்டும். மழையானாலும் நடுராத்திரியானாலும் இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பா.

இந்தச் சுற்றுவேலையையும் சேர்த்து ஒழிக்கத்தான், பயணிகள் பெட்டிக்குள்ளேயே எஞ்சினை வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். இங்கிலாந்தில் 1840-களிலேயே வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் நீராவியில் ஓடும் ரயில் பெட்டி செய்துவிட்டார். கூட்டம் குறைந்த கிளைப் பாதையில் சில பேருக்காக முழு எஞ்சினும் நாலைந்து பெட்டியும் ஓட்டுவது நஷ்டம் என்பது அவர் கணக்கு. ஆனால் யோசனை சூடுபிடித்தது தெருவில் டிராம் வந்து ரயிலின் பயணிகளை இழுக்க ஆரம்பித்த பிறகே. 1903-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, ஸ்டோன்ஹவுஸ் – சால்ஃபோர்டு பாதையில் நீராவி மோட்டார் பெட்டிகளை ஓட்டியது. பெட்டியின் ஒரு முனையில் நின்றவாக்கில் கொதிகலன். திரும்பி வரும்போது டிரைவர் மட்டும் மறுமுனைக்குப் போய்விடுவார், கரி போடுகிறவர் கொதிகலனோடேயே இருப்பார். கழற்றலும் இல்லை, மாட்டலும் இல்லை.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. கொதிகலனைக் கழுவும் நாளில் நல்ல பெட்டியும் ஷெட்டில் முடங்கும். கரிப்புகையும் எண்ணெயும் இருக்கிற இடத்தில் மெத்தை இருக்கையைச் சுத்தமாக வைத்திருப்பது லேசான காரியமா? அதைவிட, பெட்டி பிரபலமாகிக் கூட்டம் கூடியதும் இன்னும் பெட்டிகள் சேர்த்து இழுக்கத் திராணி போதவில்லை. வெற்றியே அதற்கு எமனானது. 1935-க்குள் அத்தனையும் போய்விட்டன. 1908-இல் செய்த 93-ஆம் எண் பெட்டியை மட்டும் மீட்டு, டிட்காட் ரயில்வே மையத்தில் மறுபடி நீராவியில் ஓடவைத்தார்கள்.

அமெரிக்காவில் மெக்கீன் என்பவர் 1905 முதல் பெட்ரோல் பெட்டிகள் செய்தார். கத்தி முனை மாதிரி மூக்கு, கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல். பார்க்கப் படுஜோர். ஆனால் பின்னால் போகவேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் சுழலவிட்டு மறுபடி கிளப்பவேண்டும்! நெவாடாவின் கார்சன் சிட்டி அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.

என் மதிப்பில் இவை எல்லாவற்றையும்விடப் புத்திசாலி, இங்கிலாந்தின் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே அதே 1903-இல் யார்க்கில் செய்த பெட்டி. அதில் பெட்ரோல் எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுற்றாது. டைனமோவைச் சுற்றும், அதில் வரும் மின்சாரம் மோட்டாரை ஓட்டும். டீசல் எஞ்சினைப் போட்டுவிட்டால் நம் ஊர் டெமு என்கிற டீசல்-மின்சார ரயில் பெரும்பாலும் இதேதான். 1931-இல் ஓய்வுபெற்ற அந்தப் பெட்டியின் உடல் பல்லாண்டு விடுமுறை வீடாகக் கிடந்து, 2018-இல் மறுபடி தண்டவாளம் ஏறியது.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கால்கா – சிம்லா மலைப் பாதையில் 1911-லேயே பெட்ரோல் ரயில் மோட்டார் ஏறியது. சென்னையில் 1931-இல் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் வந்தது. பெட்டிக்கு அடியிலேயே மோட்டார். இலங்கையில் 1938-இல் வந்த மூன்று டீசல் வண்டிகளுக்கு சில்வர் ஃபோம், சில்வர் ஸ்ப்ரே, சில்வர் மிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். ரயில்வேக்காரர்களுக்குக் கவிதை வராது என்று யார் சொன்னது?

2023 ஏப்ரல் 25 அன்று வந்தே பாரத் தம்பானூரிலிருந்து கிளம்பிய மறுநாள், ஸ்ரீவராகம் குளக்கரையில் கூடும் எங்கள் பென்ஷன் சபையில் பேச்செல்லாம் அதுதான். "எஞ்சினை எங்க ஓய் ஒளிச்சு வச்சிருக்கான்?" என்றார் ஒருவர். பதினாறு பெட்டியில் எட்டுக்கு அடியில் மோட்டார் இருக்கிறது என்றேன். ஒற்றை எஞ்சினின் சில சக்கரங்கள் மட்டும் தண்டவாளத்தைப் பற்றி இழுப்பதற்கும், வண்டி நெடுக சக்கரங்கள் பற்றித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் கிளம்பும்போதே தெரியும். சட்டென்று வேகம் பிடிக்கும். அவர் நம்பாமல் தலையாட்டினார்.

அப்பா இருந்திருந்தால் நம்பியிருப்பார், ஆனால் சந்தோஷப்பட்டிருப்பாரா தெரியாது. அவருடைய உத்தியோகத்தைத் தின்றதும் இதே யோசனைதானே. கொல்லத்தில் மெமு மின்ரயில் வந்து நின்றால் இப்போது யாரும் தண்டவாளத்தில் இறங்குவதில்லை. லோகோ பைலட் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் மறுமுனைக்கு நடக்கிறார், அங்கே ஏறிச் சாவியைப் போடுகிறார், வண்டி வந்த வழியே புறப்பட்டுவிடுகிறது.