வயிற்று வாயுவும் நமது உணவும்

"வாயுக் குழப்பம்" என்று நம்மவர் சொல்லும் உபாதையைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே எழுத வேண்டியுள்ளது. வெட்கத்தினால் பலர் வைத்தியரிடம் போகாமல், லாச்சப்பல் கடைகளில் ஓமம் வாங்கி அவித்துக் குடித்தே காலத்தைக் கடத்துகிறார்கள்.

நல்ல சுகதேகிக்கும் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை வாயு வெளியேறும். அது நோயன்று. ஒரு பங்கு, நாம் உணவுடன் விழுங்கும் காற்று. உணவகச் சமையலறைகளில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சாப்பாட்டை முடிக்கும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும். மிகுதி பெருங்குடலில் உண்டாவது. சிறுகுடலில் சமிக்காத மாச்சத்தும் வெல்லமும் அங்கு போய்ச்சேர, பக்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து ஐதரசன், காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்களை உண்டாக்குகின்றன.

கடலை, பயறு, உழுந்து ஆகியவற்றிலுள்ள ரபினோஸ், ஸ்ராக்கியோஸ் என்னும் வெல்லங்களை உடைக்கும் நொதியம் மனிதனின் சிறுகுடலில் இல்லை. ஆகவே சுண்டல் சாப்பிட்டால் வாயு உண்டாவது இயற்கையே. அதற்காகப் பருப்பு வகைகளை விட்டுவிடாதீர்கள். மரக்கறி உண்போருக்குப் புரதம் வேறெங்கிருந்து வரும்? கடலையை இரவு முழுவதும் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். சத்துப் போய்விடுமே என்று ஊறிய தண்ணீரையே அடுப்பில் வைக்கும் தாய்மார் உண்டு. போவதில் பெரும்பகுதி வாயுவை உண்டாக்கும் வெல்லந்தான். தகரத்தில் வரும் கடலையையும் நன்றாகக் கழுவுங்கள்.

உள்ளியின் சங்கதி வேடிக்கையானது. வாயுவுக்கு மருந்தென்று நாம் போடும் உள்ளியிலும், வெங்காயத்திலும், கோதுமைப் பாணிலும் உள்ள பிரக்ரான் என்ற மாச்சத்தே சிலருக்கு வயிற்றை ஊதச் செய்கிறது. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உள்ளியை முழுப் பல்லாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் மட்டும் கறியில் நிற்கும்.

அடுத்தது பால். வளர்ந்தபின் பாலிலுள்ள லக்ரோஸைச் சமிக்கச் செய்யும் நொதியம் நம்மவரில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். விரத நாளில் பாலும் பழமும் மட்டும் எடுத்துவிட்டு மாலையில் வயிற்றுப் பொருமலால் அவதிப்படுவோர் பாலுக்குப் பதில் தயிரோ மோரோ எடுத்துப் பார்க்கலாம். நாட்பட்ட கொந்தே சீஸில் லக்ரோஸ் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் கரிக் குளிசை மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

இனி முக்கியமான விடயம். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை "வாயு நெஞ்சில் அடைத்துவிட்டது" என்று எண்ணி இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோ பெரிதாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம். உடனே 15ஐ அழையுங்கள். பிரெஞ்சு சரியாக வராவிட்டாலும் விலாசத்தைச் சொன்னால் போதும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், மலம் போகும் வழக்கத்தில் மாற்றம் ஆகியவையும் வாயுவின் குறிகள் அல்ல. தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு குறியும் இல்லாத 50 முதல் 74 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெருங்குடல் புற்றுநோய்க்கான இலவசப் பரிசோதனை அழைப்பு தபாலில் வரும். மலத்தில் சிறிதளவை வீட்டிலேயே எடுத்து அனுப்பும் எளிய பரிசோதனை அது. விளம்பரக் கடிதமென்று எறிந்துவிடாமல், பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.