பட்டிக் கணக்கு

கொடுமுடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மாமா பேப்பரை மடித்து வைத்தார். கோவைக்கு 2041 வரைக்குமான மாஸ்டர் பிளான் பற்றிய செய்தி. "அன்னைக்கு எத்தன பேரு இருப்பாங்கன்னு இன்னைக்கே எப்படீங் மாப்ள சொல்றாங்க?"

அவர் பட்டி ஆட்டை வைத்தே சொன்னேன். இன்று எத்தனை உருப்படி, அதில் பருவத்துக்கு வந்த பெட்டை எத்தனை என்று தெரிந்தால், வரும் வருஷக் குட்டியைச் சொல்லிவிடலாம். கிழடில் எத்தனை தங்கும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். மக்களையும் இப்படி வயதுவாரியாகப் பிரித்து, ஐந்தைந்து வருஷமாக நகர்த்துகிறார்கள். 2041-ல் முப்பது வயதாகப் போகிறவன் 2011-லேயே பிறந்துவிட்டான். இடறுவது சந்தையில்தான்: எத்தனை பிடித்து வருவோம், எத்தனை ஓட்டிப்போய் விற்போம்?

மனிதருக்கு அந்தச் சந்தை, வேலை. திருப்பூரும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து 2001-ல் 5.5 லட்சம் பேர், 2011-ல் 9.6 லட்சம். எல்லையை விரித்து எண்ணியதும் இதில் உண்டு. ஆனாலும் தொட்டிலை மட்டும் நம்பி ஓர் ஊர் பத்து வருஷத்தில் இப்படிப் பெருக்காது. ஆகவே ஆளை எண்ணுமுன் வேலையை எண்ண வேண்டும். பனியன் கப்பலேறினால் வெளியூர்ப் பணம் உள்ளே வருகிறது. அதைச் சுற்றித்தான் டீக்கடை, சலூன், டியூஷன். முன்னதைக் கணித்துவிட்டால் பின்னதை விகிதம் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள். முன்னதுதான் பிடிபடாது. டாலர், பஞ்சு விலை, ஏன், நம் நொய்யல் ஆறே போதும். சாயக்கழிவு வழக்கில் 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு! அதற்குள் எத்தனை பேர் மூட்டை கட்டியிருந்தார்களோ. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல்தான்; அதுவரை அந்தப் பழைய எண்ணையே இழுத்து நீட்டுகிறோம். கூடுதல், நடு, குறைவு என்று மூன்று எண் சொல்லும் அறிக்கையை உட்கார்ந்து படிப்பேன். ஒன்றே ஒன்று சொன்னால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

மாவட்ட எண்களை ஒப்பிடுவது தனி வம்பு. 1979 வரை கொடுமுடியே கோவை மாவட்டம். பிறகு பெரியார் மாவட்டம், அதாவது இன்றைய ஈரோடு. 2009-ல் ஈரோட்டிலும் கோவையிலும் பிய்த்துத் திருப்பூர் மாவட்டம்.

மாமாவுக்கு வேறு கவலை. "நம்ம பையன் திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இங்கதான். அவன் எந்த ஊர்க் கணக்குங்?"

"வருஷம் முச்சூடும் அங்கதானே இருக்கறான்? திருப்பூர்க் கணக்குத்தானுங் மாமா."

டம்ளரைக் கீழே வைத்தார். "இத உங்க அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்."