பசியும் குளிரும் கூச்சமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சில வாரங்கள் ஆனதும், அவ்வூரிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ராஜபாளையத்திலும் சில வீடுகளில் வேறொரு யாத்திரைக்கான ஏற்பாடுகள் மும்முரமாகத் தொடங்கிவிடுகின்றன. மேல்நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் இலையுதிர் காலத்தில்தான் வகுப்புகள் ஆரம்பம். ஆகவே ஆவணி, புரட்டாசி மாதங்களில் பிள்ளைகள் கடல் கடந்து புறப்படுகிறார்கள். கூடத்தின் நடுவே பெட்டி திறந்து கிடக்கிறது. ஆவக்காய் ஜாடிக்கு இடம் வேண்டுமென்று பாட்டி வாதாடுகிறாள். கம்பளிச் சட்டைக்கு இடம் வேண்டுமென்று தகப்பனார் சொல்லுகிறார். எடை பார்க்கும் யந்திரமோ இரண்டுக்கும் இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது!

இதற்கிடையில் அத்தை ஒரு பொட்டலம் பால்கோவாவைக் கொண்டுவந்து துணிகளுக்கு அடியில் பத்திரமாகச் செருகுகிறாள். பாவம், ஜெர்மனி முதலிய ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பால் பண்டங்களைப் பிரயாணிகள் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாதென்று சட்டம் இருப்பது அவளுக்குத் தெரியாது. மிகுந்த பிரியத்தோடு கட்டிக்கொடுத்த பண்டந்தான் சுங்கச் சாவடியில் முதலில் நின்றுபோகிறது.

பெட்டிக்குள் என்ன வைப்பதென்று இவ்வளவு யோசிக்கிறோமே, பிள்ளையின் மனத்துக்குள் என்ன வைத்து அனுப்புவதென்று இதில் பத்தில் ஒரு பங்காவது யோசிக்கிறோமா? வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி அனுப்பும் குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளை அங்கே காலூன்றி நிற்பதும், மனம் ஒடிந்து திரும்புவதும் அந்தக் குடும்பத்துக்குச் சாமானிய விஷயமல்ல. முதல் பத்து நாட்களில் பிள்ளையை வாட்டும் கஷ்டங்கள் யாவை, அவை எதனால் வருகின்றன என்பதை நமது தேசத்துப் பெரியோர் சிலருடைய வாழ்க்கையைக் கொண்டே ஆராய்ந்து பார்க்கலாம்.

ரொட்டித் துண்டு கேட்கக் கூசியவர்

1888-ம் வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 18 வயது இளைஞர் ஒருவர் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேறினார். மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு, மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் புறப்பட்டார் அவர். பின்னாளில் மகாத்மா என்று உலகம் போற்றிய மோகன்தாஸ் காந்திதான் அந்த இளைஞர்.

கப்பலிலேயே கஷ்டம் ஆரம்பமாயிற்று. கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடத் தெரியாது. பரிமாறும் பண்டங்களில் எது மாமிசம் கலவாதது என்று பரிசாரகனைக் கேட்கவோ துணிச்சல் இல்லை. ஆகவே மேஜைப் பக்கமே போகாமல், ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள் இருந்தபடியே தின்று நாட்களைக் கடத்தினார். கரை இறங்கும்போது உடுத்துவதற்கென்று வெள்ளைக் கம்பளி உடையொன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் அப்படி உடுத்தியவர் தாம் ஒருவரே என்பது இறங்கிய பின்புதான் தெரிந்தது. அன்று சனிக்கிழமை. பெட்டிகள் ஏஜெண்டிடம் இருந்தமையால் திங்கட்கிழமை வரையில் வேறு உடைக்கும் வழியில்லை.

லண்டனில் இரவு நேரங்களில் தாயாரின் நினைவு வந்து கண்ணீர் பெருகியதென்றும், தூக்கமே வரவில்லையென்றும் அவரே தமது சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். சாப்பாட்டு வேளையில் கீரையும் ரொட்டியும் கிடைத்தன. நல்ல பசியுள்ள வாலிபர். ஆயினும் இரண்டு மூன்று துண்டுகளுக்கு மேல் ரொட்டி கேட்பது மரியாதையாகாது என்று எண்ணி, அரை வயிற்றோடு எழுந்திருப்பார். பிற்பாடு குடியிருந்த வீட்டில், வீட்டுக்கார அம்மாளின் பெண்கள் இருவர் இரக்கப்பட்டு ஒன்றிரண்டு துண்டுகள் கூடுதலாகக் கொடுப்பதுண்டாம். முழு ரொட்டி ஒன்று இருந்தால்தான் இவர் பசி ஆறும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இவர்தாம் வாய் திறக்கவில்லையே!

அந்நகரில் மரக்கறி போஜன சாலைகள் உண்டு என்று அந்த அம்மாள் ஒருநாள் சொன்னாள். அதன் பிறகு தினந்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடலானார். கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒன்று அகப்பட்டது. சீமைக்கு வந்த பிறகு வயிறார உண்டது அன்றைக்குத்தான் என்கிறார் காந்தி. அத்தனை நாளும் அந்தச் சாலை அதே தெருவில்தான் இருந்தது. இவருடைய பசிக்கும் அந்தச் சோற்றுக்கும் நடுவே நின்றது கூச்சம் ஒன்றே.

கம்பளிக்கு மேலே நடுங்கியவர்

அதற்கு 26 வருஷங்களுக்குப் பிறகு நமது கும்பகோணத்துக் கணித மேதை சீனிவாச ராமானுஜன் இங்கிலாந்துக்குச் சென்றார். 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14-ம் தேதி லண்டன் சேர்ந்தார். குடுமியை எடுத்துவிட்ட கோலத்தைத் தாயாரும் மனைவியும் காண வேண்டாமென்று, முன்னதாகவே அவர்களைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டாராம். லண்டனில் அவரை எதிர்கொண்டழைத்த நெவில் என்ற கணிதப் பேராசிரியர், கேம்பிரிட்ஜில் தமது இல்லத்திலேயே சில வாரங்கள் தங்க வைத்துக்கொண்டார். பிறகு ராமானுஜன் டிரினிடி கல்லூரியில் தமக்கென்று கிடைத்த அறைக்குச் சென்றார்.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலநோபிஸ் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். இவர் பிற்காலத்தில் புள்ளிவிவர சாஸ்திரத்தில் பெரும் புகழ் பெற்ற வங்காளி அறிஞர். குளிர்காலத்தில் ராமானுஜனைக் கண்டு, இரவில் கதகதப்பாகத் தூங்க முடிகிறதா என்று விசாரித்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு, அதன்மேல் சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று பதில் வந்தது. கம்பளிகள் போதவில்லையோ என்று மகலநோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன! அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு விரித்திருந்தது. கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

எண்களின் அந்தரங்கத்தையெல்லாம் அறிந்த மகா மேதைக்கு ஒரு கட்டிலின் ரகசியம் தெரியவில்லை. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. கண்டு பழகாத பொருள் யாருக்குத்தான் விளங்கும்? ஆனால் இவர் தாமாகச் சொல்லவில்லை, அடுத்தவராகக் கேட்டார் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. எல்லா மாணவருக்கும் ஒரு மகலநோபிஸ் கிடைப்பாரா?

கதவைத் தட்டியவரும் பின்னால் சென்றவரும்

வெளியூர் வாசத்துக்குக் கடல் தாண்டவேண்டும் என்பதில்லை. பாஷையும் ஆகாரமும் வேறானால், நமது தேசத்திலேயே ஒரு பட்டணம் சீமையாகிவிடும். சி. வி. ராமன் 1907-ல் சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பெற்றுக் கல்கத்தாவுக்குப் போனபோது அவருக்கும் 18 வயதுதான். போன புதிதில், டிராம் வண்டியிலிருந்து பௌபஜார் தெருவில் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கண்டார். அங்கே தமக்கு யாரையும் தெரியாதே என்று தயங்கவில்லை. போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த ஆசுதோஷ் டே நெடுங்காலம் அவருடைய ஆராய்ச்சிக்கு உதவியாளராக இருந்தார். காலையும் மாலையும் அங்கே ஆராய்ச்சி, பகலில் உத்தியோகம் என்று ராமனுடைய வாழ்க்கை மாறிவிட்டது.

அந்தக் கதவு நமது வட்டாரத்துக்கும் பயன்பட்டது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்வாசிகள் அறிவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கேயுள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ம் தேதி பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து ஹைஸ்கூலில் படித்தவர். அங்கே திருமலைக்கொழுந்துப் பிள்ளை என்ற ஆசிரியர் பெரிய பட்டங்கள் பெற்றவரல்லர். ஆனால் பூகோளமாயினும் பௌதிகமாயினும் தாமே தயாரித்த சாதனங்களைக் கொண்டு மாணவர்களுக்கு நேரில் செய்து காட்டுவாராம். அவர் பதித்த தடம் மனத்தைவிட்டு அழியவில்லை என்று கிருஷ்ணன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

மதுரையிலும் சென்னையிலும் படித்த பின்னர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிருஷ்ணன் ரசாயன சாஸ்திரப் பயிற்சியாளராக இருந்தார். அங்கே நடுப்பகல் இடைவேளையில் மாணவர்கள் பௌதிகம், கணிதம், ரசாயனம் எதிலும் கூசாமல் கேள்வி கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்தி வந்தார். 1920-ல் அவரே மறுபடியும் மாணவராகி, ராமனைத் தேடிக் கல்கத்தாவுக்குச் சென்றார். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் பாதை திறந்ததே 1927-ல்தான் என்றால், அந்நாளில் வத்திராயிருப்புக்கும் கல்கத்தாவுக்கும் இருந்த தூரத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அந்த ஆராய்ச்சியில் கிருஷ்ணன் தோள் கொடுத்தார். 1940-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார். 1947-ல் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் டைரக்டராகவும் ஆனார். கேள்விக்கு இடம் கொடுத்த ஒரு கிராமாந்தரப் பள்ளிக்கூடத்தின் பலன் இது.

இன்றைய முதல் பத்து நாட்கள்

இன்றைக்கு ஆகாய விமானம் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. கஷ்டம் ஏது என்று சிலர் எண்ணலாம். ஜெர்மனிக்குப் போகும் பிள்ளையைப் பாருங்கள். சனிக்கிழமை இரவு போய் இறங்குகிறான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அங்கே அநேகமாக எல்லாக் கடைகளுக்கும் விடுமுறை. ரயில் நிலையத்திலுள்ள கடைகள் திறந்திருக்கும் என்று தெரிந்தவன் சாப்பிடுகிறான், தெரியாதவன் பட்டினி. குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு வீட்டுக்காரரிடம் அத்தாட்சிக் கடிதம் வாங்கவேண்டும். மார்கழி மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். இவை ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லச் சர்வகலாசாலைகளில் வெளிநாட்டு மாணவருக்கென்று தனி அலுவலகங்களே உண்டு. ஆனால் போய்க் கேட்டால்தான் சொல்லுவார்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அறைக்குள்ளேயே கிடப்பவன் கதி, கப்பல் அறையில் பழம் தின்றுகொண்டிருந்த காந்தியின் கதிதான்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. காந்தி லண்டன் சேர்ந்த அன்று மாலை டாக்டர் மேத்தா என்ற நண்பர் அவரைக் காண வந்தார். பேச்சினிடையே காந்தி அவருடைய பட்டுத் தொப்பியை எடுத்துத் தடவிப் பார்க்கவே, டாக்டர் சில புத்திமதிகள் சொன்னார். பிறர் பொருளைத் தொடாதே, உரத்துப் பேசாதே, முதல் பழக்கத்திலேயே நம் ஊரில் கேட்பது போன்ற கேள்விகளைக் கேட்காதே என்றார். பிறருடைய சம்பளமும் கலியாணமும் நமக்கு வேண்டாம். வழி எது, விலை என்ன, இதை எப்படிச் செய்வது என்று கேட்பதற்கு எந்த தேசத்திலும் தடையில்லை.

பெற்றோர் செய்யவேண்டியது

கூச்சத்தை நமது பிள்ளைகள் விமானத்தில் ஏறியபோது கற்றுக்கொள்ளவில்லை. வாய் திறவாத குழந்தையை நல்ல குழந்தை என்கிறோம். விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு அப்பளம் கேட்டால் கண்ணை உருட்டுகிறோம். வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் தகப்பனாரே போய்வருகிறார். பெண்ணாயின் கேட்கவே வேண்டாம். இருபத்திரண்டு வயது வரையில் எல்லாவற்றையும் பெரியவர்களே கேட்டுக் கொடுத்துவிட்டு, ஒரே நாளில் அந்நிய நகரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் நாக்கு எப்படி எழும்பும்?

ஆகையால் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே வங்கிக் கடன் காரியங்களுக்குப் பிள்ளையையே தனியாக அனுப்புங்கள். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினாலும் நஷ்டமில்லை. சோறு வடிக்கவும், ஒரு குழம்பு வைக்கவும், பித்தான் தைக்கவும் ஆணாயினும் பெண்ணாயினும் கற்றுக்கொள்ளட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் வீட்டில் யாரும் நகைக்காமல் இருங்கள்.

பிள்ளை போன பிறகும் உங்களுக்கு வேலை இருக்கிறது. ராஜபாளையத்தில் இரவு ஒன்பது மணி ஆகும்போது ஜெர்மனியில் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் நாலரை. தாயார் கைப்பேசியில், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். "சாப்பிட்டேன்" என்று பதில் வருகிறது. தாய் வருந்தக் கூடாதென்று எந்தப் பிள்ளையும் சொல்லும் பதில் அது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் அறிய முடியாது. "இன்று யாரோடு பேசினாய்? எதை விசாரித்துத் தெரிந்துகொண்டாய்? என்ன சமைத்தாய்?" என்று கேளுங்கள். இதற்கு நான்கு நாள் சரியான பதில் வராவிட்டால், அங்கே ஒரு பிள்ளை கம்பளிக்கு மேலே படுத்துக்கொண்டிருக்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பால்கோவாப் பொட்டலம் ஊரிலேயே இருக்கட்டும். பிள்ளை விடுமுறைக்கு வரும்போது தின்னலாம். "தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்" என்ற வார்த்தைக்குப் பெட்டியில் எடையும் இல்லை, சுங்கச் சாவடியில் தடையும் இல்லை. அதை முதலில் கொடுத்தனுப்புங்கள்.