தப்பாக வாசிக்க வைப்பது எப்படி?

உங்கள் ஆபீஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டுகிறீர்கள். அத்தனை பேரும் காலை சரியாக ஒன்பதரைக்கு, ஒரு விநாடி முன்பின் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நேற்றுப் போட்ட கையெழுத்தும் இன்று போட்டதும் ஜெராக்ஸ் எடுத்தமாதிரி இருக்கின்றன. என்ன நினைப்பீர்கள்? எவனோ ஒருத்தன் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறான் என்றுதானே? (பி.காம். படித்ததில் எனக்கு மிஞ்சியது இந்த மாதிரி சந்தேகங்கள்தான்.)

போன மாதம் நான் கம்ப்யூட்டரில் செய்த பின்னணி இசையைக் கேட்டுவிட்டு, கீழ் வீட்டுப் பெரியவரும் அதையேதான் சொன்னார். எனக்கு மூன்று ராத்திரி உழைப்பு. அவருக்கு முப்பது விநாடி.

நண்பன் ஒருவன் இருபது நிமிஷத்தில் குறும்படம் எடுத்தான். கதை 1967-ல் நடக்கிறது. மகனின் கடிதத்துக்காக ஓர் அம்மா போஸ்ட் ஆபீஸ் வாசலில் காத்திருக்கிறாள். "அந்தக் காலத்துக் கறுப்பு-வெள்ளைப் படத்துல வருமே, வயலின் எல்லாம் சேர்ந்து அழுமே... அது வேணும்டா" என்றான். பட்ஜெட் எவ்வளவு என்றேன். நட்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். புரிந்துகொண்டேன்.

காலேஜ் நாட்களில் கீபோர்டு கற்றுக்கொண்ட பாவத்துக்கு இப்படி அவ்வப்போது பரிகாரம் செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது ஆர்கெஸ்ட்ரா என்பது கம்ப்யூட்டருக்குள் அடக்கம். லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பி.பி.சி. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையே உட்கார வைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து, 2019-ல் ஸ்பிட்ஃபயர் ஆடியோ என்ற கம்பெனி வெளியிட்டது. அதன் குட்டிப் பதிப்பு என்னிடம் இருக்கிறது. நான் சாலிகிராமத்தில் லுங்கியோடு உட்கார்ந்து ஒரு கட்டையை அமுக்கினால், லண்டனில் கோட்டுப் போட்டவர்கள் என்றோ வாசித்த வயலின் ஒலிக்கும். காலனி ஆதிக்கத்துக்கு இதைவிட நல்ல பழிவாங்கல் கிடையாது.

மெட்டை வாசித்தேன். 'பழைய' எஃபெக்ட் வேண்டுமே என்று கிராமபோன் மாதிரி 'கரகர' சத்தம் ஒன்றைச் சேர்த்தேன். பெரிய சர்ச்சுக்குள் வாசித்தமாதிரி எதிரொலியையும் கொட்டினேன். பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் சினிமாவில் முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட வயலின் வாசித்தவர். எழுபத்தெட்டு வயது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா எல்லாரும் தனித்தனியா வீட்லேர்ந்து வாசிச்ச மாதிரி இருக்கே?"

"சார், அந்தக் கரகர..."

"நாங்க வாசிச்சப்போ கீறல் கிடையாது தம்பி. அது ரிக்கார்டை நீங்கள்லாம் போட்டுக் கேட்டுக் கேட்டு அப்புறம் விழுந்தது."

கரகரவை உடனே எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் காபிக்கு வந்தார். நான் பாடம் படித்தேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், காசா பணமா!

பாடம் 1: காது கேட்கிற எல்லாவற்றையும் கொடுக்காதே. நல்ல காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பழைய படங்களில் ஒலி, ஃபிலிமின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிந்திருக்கும். விளக்கு வெளிச்சம் அதன் வழியே போய் மின்சாரமாகி, ஸ்பீக்கருக்கு வரும். இதில் மேல் ஸ்தாயியோடு இரைச்சலும் கூடவே வரும் என்பதால், தியேட்டரிலேயே மேல் பகுதியைக் குறைத்துவிடும் ஓர் அளவை 1938-ல் ஹாலிவுட் அகாடமி நிர்ணயித்தது. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதெல்லாம் அநேகமாக அம்பேல். போதாக்குறைக்கு அந்தக் காலத்து ரிப்பன் மைக்குகள். உள்ளே காகிதத்தைவிட மெல்லிய அலுமினியத் தகடு. கூர்மையான ஒலியைத் தானாகவே மழுக்கிவிடும். அந்தப் பழைய 'வெதுவெதுப்பு' என்கிறோமே, அதில் பாதி இந்தக் குறைதான். நானும் ஈக்வலைஸரில் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டினேன். லண்டன்காரர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு வேஷ்டிக்கு மாறியமாதிரி இருந்தது.

பாடம் 2: ஒரே காது. வயலின் இடது பக்கம், செல்லோ வலது பக்கம் என்று நான் அகலமாகப் பரப்பியிருந்தேன். 1967-ல் நம்மூர் தியேட்டரில் திரைக்குப் பின்னால் ஒலிப்பாதை ஒன்றுதான். எல்லாவற்றையும் நடுவே மோனோவாகக் கொண்டுவந்தேன். நடுவே வந்ததும் ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். மிக்ஸிங் என்பதே அங்கேதான் ஆரம்பம். செல்லோ பேசும்போது வயோலா வாயை மூட வேண்டும். நம் ஆபீஸ் மீட்டிங்குகளிலும் இதை அமல்படுத்தலாம்.

பாடம் 3: சர்ச்சை விட்டு வெளியே வா. எதிரொலியில் குளிப்பாட்டினால் 'பழசு' ஆகாது, பாத்ரூம் ஆகும். 1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வைக் கேளுங்கள். பெர்னார்ட் ஹெர்மன் முழுப் படத்துக்கும் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தார். ட்ரம்பெட் இல்லை, டிரம் இல்லை. கறுப்பு-வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு-வெள்ளை ஒலி போதும் என்பது அவர் கணக்கு. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் போட்டுக் காட்டிய பிறகு மனசை மாற்றிக்கொண்டார். அந்த வயலின் அலறலில் எலெக்ட்ரானிக் தந்திரம் எதுவும் இல்லை. மைக்கை வாத்தியத்துக்குக் கிட்டே வைத்தார்கள், அவ்வளவுதான். நானும் எதிரொலியை வெட்டி, எல்லா வாத்தியத்தையும் ஒரே சின்ன அறைக்குள் உட்கார வைத்தேன்.

பாடம் 4தான் முக்கியம். ரிஜிஸ்டர் சமாசாரம்.

கம்ப்யூட்டரில் வயலின், வயோலா, செல்லோ எல்லாம் ஒரே கணத்தில் தொடங்குகின்றன. ஒரே ஸ்வரத்தை நாலு தடவை அமுக்கினால் அதே பதிவு நாலு தடவை வருகிறது. கையெழுத்து ஜெராக்ஸ். மனுஷ வில் அப்படித் தொடாது. ஒருத்தர் ஒரு இமைப்பு முந்துவார், ஒருத்தர் பிந்துவார். ஒருத்தர் சுருதி ஒரு மயிரிழை மேலே இருக்கும். இந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்த பொதுக்குரலைத்தான் நாம் 'அழுகை' என்கிறோம்.

எனவே நான் ஒவ்வொரு ஸ்வரமாக நகர்த்தினேன். இரண்டாம் வயலினை 15 மில்லி செகண்ட் தள்ளினேன். செல்லோவை 25. சுருதியைத் துளி இறக்கினேன். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு லேசாக வழுக்கவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் ஒலி ஏறி இறங்க, சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டி வாசித்தேன். மணி ராத்திரி பதினொன்று.

பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல தம்பி. அந்தக் காலத்துல தப்பு வரக்கூடாதுன்னு நாங்க உயிரை விட்டோம். பாட்டு முடியறப்போ ஒருத்தன் பிசகினா போச்சு, எல்லாரும் முதல்லேர்ந்து வாசிக்கணும். இப்ப நீங்க தப்பு வரணும்னு உயிரை விடறீங்க!"

நானும் சிரித்தேன். அப்புறம் அவர் சொன்னது சிரிப்பதற்கில்லை.

"ரீரிக்கார்டிங்ல கண்டக்டர் திரையைப் பார்ப்பார். நாங்க அவரைப் பார்க்கணும். அதனால திரை எங்க முதுகுக்குப் பின்னால. படத்தையே பார்க்காம எத்தனையோ பேரை அழ வச்சிருக்கேன். இருபது, முப்பது நாற்காலி போட்டிருக்கும். அப்புறம் கீபோர்டு வந்தது. முதல்ல பத்து நாற்காலி எடுத்தாங்க. அப்புறம் இன்னும் பத்து. ஒருநாள் எனக்கு போன் வரல. சரி, நாளைக்கு வரும்னு நெனச்சேன்."

யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது 1983-ல். அந்த ரகக் கருவிகள் கோடம்பாக்கத்துக்கு வந்து, தொண்ணூறுகளில் ஊன்றிக்கொண்டன. எனக்கு அதெல்லாம் தொழில்நுட்ப வளர்ச்சி. அவருக்கு, வராத போன்.

என் மேஜையில் இருந்த கீபோர்டை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிய அதே பெட்டியை வைத்து, அவர் மாதிரியே வாசிக்க வைக்கத்தான் இத்தனை ராத்திரி மெனக்கெட்டிருக்கிறேன்.

மிக்ஸிங் செய்கிறவர்களிடம் ஒரு பழைய உபாயம் உண்டு. கம்ப்யூட்டர் வயலின்கள் ஐம்பது இருந்தாலும், அவற்றின் மேல் நிஜ வயலின் ஒன்றைச் சேர்த்துவிட்டால், காது எல்லாவற்றையும் நிஜம் என்று நம்பிவிடும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"விரல் முன்ன மாதிரி இல்ல தம்பி" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழே வயலின் சத்தம் கேட்டது. சாதகம்!

ஞாயிற்றுக்கிழமை பதிவு. தெருவில் தண்ணீர் லாரி போனதும் ஆரம்பித்தோம். எட்டே வரி. மூன்றாவது டேக்கில் ஓர் இடத்தில் வில் லேசாக நடுங்கியது. "இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றார். எடுத்தோம், சுத்தமாக வந்தது. படத்தில் இருப்பது அந்த நடுங்கினதுதான். அம்மா காலி உறையைப் பார்க்கிற இடம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நண்பனிடம் ஆறாயிரம் ரூபாய் கறந்தேன். (டப்பிங் நாளில் யூனிட்டுக்குப் பிரியாணிக்குப் பதில் எலுமிச்சை சாதம்.) பெரியவர் பணத்தை வாங்கவில்லை. "வவுச்சர் எங்கே?" என்றார். அவர் நாளில் கையெழுத்தில்லாமல் பைசா கைமாறாதாம்.

பி.காம். படித்தது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, 'வயலின் - 1, கால்ஷீட் - 1' என்று எழுதி நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கை கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஜெராக்ஸ் இல்லை, ஒரிஜினல்.