சாம்புவுக்கு ஏன் காக்கிச்சட்டை இல்லை?

டீ சொல்லியாயிற்று. வருவதற்குள் உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்வோம். திருட்டோ கொலையோ நடக்க வேண்டும், படிக்கிறவருக்குச் சிரிப்பும் வர வேண்டும், ஊடே ஒரு காதலும் ஓட வேண்டும், துப்பறிகிறவர் மட்டும் போலீஸாக இருக்கக் கூடாது. இப்படி ஒரு கதை எப்படித்தான் நிற்கிறது என்று கேட்டீர்கள். செய்யாறு பஸ் நிலையத்துப் பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்பது பொருத்தம்தான். தமிழில் துப்பறியும் நாவலை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர்.

ஆரணி குப்புசாமி முதலியார். 1925இல் மறைந்தார். இன்று ஆரணி என்றால் பட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் வாசகர்களுக்கு ஆரணி என்றால் இவர் பெயரும் சேர்ந்தே வந்தது. 1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தமிழ் ஊர், தமிழ்ப் பெயர் போட்டுத் தழுவி, டஜன் கணக்கில் நாவல்கள் எழுதினார். ‘இரத்தினபுரி இரகசியம்’ பல பாகங்களாக வந்தது. அதே காலத்தில் ஜே.ஆர். ரங்கராஜு ‘துப்பறியும் கோவிந்தன்’ என்று ஒருவரை உலவ விட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் மாறுவேஷத்தில் மன்னர். 1950இல் ‘திகம்பர சாமியார்’ படமானபோது எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு நடித்தார்.

இவர்களை இன்று படித்தால் நடை கொஞ்சம் இழுக்கும். நடுநடுவே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நமக்கு நீதி சொல்வார். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இவர்கள் செய்து வைத்த ஒரு காரியம் பெரியது. துப்பறிகிறவர் என்றால் யார், தடயம் என்றால் என்ன, கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துக் குட்டை உடைப்பது எப்படி என்று ஒரு தலைமுறை வாசகருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பழக்கமில்லாத ஒன்றைக் கேலி செய்தால் யாருக்கும் சிரிப்பு வராது. பழகின பிறகுதான், அந்தக் கேலியாகவே, தேவனின் சாம்பு வர முடிந்தது.

இதோ டீ வந்துவிட்டது. தமிழ்வாணனின் சங்கர்லாலாக இருந்தால் இந்நேரம் ஒரு கோப்பையைக் காலி செய்துவிட்டு அடுத்ததற்குச் சொல்லியிருப்பார். டீ குடித்தால்தான் அவருக்கு மூளை ஓடும். அவர் கெட்டிக்காரர். சாம்பு அப்படியில்லை.

‘துப்பறியும் சாம்பு’வை எழுதிய தேவனின் இயற்பெயர் ஆர். மகாதேவன், திருவிடைமருதூர்க்காரர், 1913இல் பிறந்து 1957இல், நாற்பத்து நான்காவது வயதில் போய்விட்டார். ஆனந்த விகடனில் இருந்தவர், சாம்புவும் விகடனில்தான் 1940களில் வந்தது. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. வழுக்கைத் தலை, நீண்ட மூக்கு, யாரைப் பார்த்தாலும் பயம். மூளை என்ற சமாசாரம் கடவுள் அவருக்குக் கொடுக்க மறந்தது. ஆனால் அவர் எதையோ உளறுவார். கேட்டவர் அதை மகா தந்திரமான குறிப்பு என்று எடுத்துக்கொள்வார். பயந்துபோய் ஒரு பக்கம் ஓடுவார். ஓடி மோதுகிற இடத்தில் திருடன் நிற்பான். புகழ் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இன்ஸ்பெக்டர் கோபாலனுக்குச் சாம்புவின் திறமையில் சந்தேகமே கிடையாது. உண்மை தெரிந்தவர்கள் வாசகரும் சாம்புவும் மட்டும்தான். சில கதைகளில் சாம்புவுக்கே தெரிகிறதா என்பது சந்தேகம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஏன் அவருக்குக் காக்கிச்சட்டை கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும். சீருடை போட்டவர் தப்புச் செய்தால் அப்பாவி ஒருவன் உள்ளே போவான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? குமாஸ்தா தப்புச் செய்தால் மானம் மட்டும்தான் போகும். காதலும் அப்படித்தான். விசாரணைக்குப் போன வீட்டில் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கினால் அது அதிகார துஷ்பிரயோகம். தெருவில் போகிறவர் மயங்கினால் அது கதை. அமெச்சூருக்குச் சம்பளம் இல்லை, வாரண்ட் இல்லை, ஒரு வீட்டுக்குள் நுழைய உரிமையும் இல்லை. ஆகவே உள்ளே போக அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கிலேயே பாதி நகைச்சுவை பிறந்துவிடும். இன்னொருத்தர் விவகாரத்தில் மூக்கை நுழைக்க ஒரு காரணமும் வேண்டும். அதற்குக் காதலைவிடச் சௌகரியமான காரணம் உலகத்தில் இல்லை.

சும்மா சொன்னால் பிடிபடாது. ஆரணியிலேயே ஒரு கதை கட்டிப் பார்ப்போம். முழுக்கக் கற்பனை.

ஒரு நெசவாளர் வீட்டில், தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்த முகூர்த்தப் புடவை காணாமல் போகிறது. மறுநாள் நெய்யக் கொடுத்த மாஸ்டர் வீவர் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியது. நம் துப்பறிவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். கூலிக் கணக்குக்காக எல்லா வீட்டுக்கும் போய்வருவார். அந்த நெசவாளரின் பக்கத்து வீட்டுப் பெண்மேல் அவருக்கு ஒரு கண். அதனால் அந்தத் தெருவுக்கு மட்டும் வாரம் மூன்று தடவை கணக்கு சரிபார்க்கப் போவார். அந்தப் பெண்ணின் அண்ணனும் நெசவாளர்தான். புடவை போன ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டால், “விடிய விடியத் தறியில்தான் இருந்தேன், தீபாவளி ஆர்டர்” என்கிறார்.

எதிர்வீட்டுத் தாத்தா ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் குறை. காபியில் சர்க்கரை இல்லை, மருமகள் பேச்சில் மரியாதை இல்லை, ராத்திரி கண்ணை மூட முடியவில்லை. கணக்கரைப் பிடித்து உட்காரவைத்துப் பொரிந்து தள்ளுகிறார். “அறுபது வருஷமா தறிச் சத்தத்துல தூங்கிப் பழகின காது தம்பி. நேத்து ராத்திரி ஒரு சத்தம் இல்லை. பொட்டுத் தூக்கம் இல்லை!”

நாம் சிரிக்கிறோம். சத்தம் இருந்தால்தானே ஊரில் தூக்கம் கெடும், இவருக்குச் சத்தம் இல்லாமல் கெட்டிருக்கிறதே என்று. சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அண்ணன் சொன்னது பொய் என்ற துப்பு நம் கண்முன்னாலேயே நடந்துபோய்விட்டது! நகைச்சுவைத் துப்பறியும் கதையின் வேலைப்பாடு முழுக்க இங்கேதான் இருக்கிறது. சீரியஸான கதையில் தடயத்தை எங்கே வைத்தாலும் வாசகர் மோப்பம் பிடிப்பார். சிரிப்புக்குள் வைத்தால் சிரித்த திருப்தியிலேயே அதைச் செலவழித்துவிடுவார். 1892இல் கானன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதை ஒன்றில் ராத்திரி குரைக்காத நாய்தான் துப்பு. நம் தாத்தாவின் தூக்கமும் அந்த வம்சம்தான்.

காதல் எங்கே? கணக்கர் அண்ணனை மடக்குகிறார். அண்ணன் அழாத குறையாக உண்மையைச் சொல்கிறார். திருடவில்லை, ஒரே ஒரு சாயங்காலத்துக்கு எடுத்தார். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில் பெண்ணுக்குக் கட்ட ஒரு நல்ல பட்டு இல்லை. தங்கையைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பார்த்தார்கள். பிடித்துவிட்டது.

மர்மம் விடுபட்டது, விடுபட்ட அதே இடத்தில் கணக்கரின் காதல் சிக்கிக்கொண்டது. புடவையைத் திருப்பிக் கொடுத்தால் அண்ணன் மானம் போகும், நிச்சயம் நிற்கும், கணக்கருக்கு லாபம். மறைத்தால் அவளை இழப்பார். ஒரு போலீஸ்காரருக்கு இந்தத் தவிப்பு வராது. ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போய்விடுவார். திருட்டுக்கு விடையும் காதலுக்குச் சிக்கலும் ஒரே முடிச்சாக விழுந்தால்தான் இந்த வகைக் கதை கதை. தனித்தனியாகக் கிடந்தால் இரண்டு கதைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரிதான் இருக்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் ஆட்களில் யார் தேறுகிறார்கள்? மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாக்கெட் நாவல் காலத்தில் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகிய ஜோடிகளுக்காகவே பஸ் நிலையக் கடையில் புத்தகம் தொங்கும். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்தைப் படிக்கவென்றே முதல் அத்தியாயத்தைப் புரட்டியவர்கள் இந்த ஜில்லாவில் எத்தனையோ பேர். ஆனால் இவர்கள் ஏஜென்ஸி வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள். அவர்களுடைய சீண்டலும் கொஞ்சலும் கேஸுக்கு முன்னாலும் பின்னாலும் ஓடும். எடுத்துவிட்டாலும் கேஸ் அப்படியே நிற்கும். ருசி கூடும், முடிச்சு விழாது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். வசந்த் ஆரம்பித்து ஒருநாளும் முடிக்காத அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் எந்தக் கேஸைவிடவும் பெரிய மர்மம். அவன் பெண்களைப் பார்த்து வழிவதும் வேடிக்கைதான், ஆனால் அதில் அவன் எதையும் பணயம் வைப்பதில்லை. ராஜேஷ்குமாரின் விவேக் போலீஸ் அதிகாரி என்பதால் நம் கணக்கிலேயே வரமாட்டார்.

சினிமாவில் ஏவிஎம்மின் ‘அதே கண்கள்’, 1967, ரொம்பக் கிட்டே வருகிறது. காஞ்சனாவின் குடும்பத்தை ஒரு கொலைகாரன் துரத்துகிறான். ரவிச்சந்திரன் உள்ளே நுழைவது அவளுக்காக. பாட்டு, நாகேஷ், பயம் மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் போகின்றன. வெளிநாட்டில் அகதா கிறிஸ்டி 1922இலேயே டாமி, டப்பன்ஸ் என்று கையில் காசில்லாத இரண்டு இளசுகளைத் துப்பறிய விட்டார். வேலை தேடப்போய்த் துப்பில் மாட்டி, துப்பில் மாட்டிக் காதலில் விழுந்தவர்கள். டாரதி சேயர்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய், கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிற பெண்மேலேயே தன் துப்பறிவாளருக்குக் காதல் வரவைத்தார். வழக்கில் தோற்றால் காதலி தூக்குமேடைக்குப் போவாள். முடிச்சு என்றால் அது.

தேவனிடம் இரண்டும் இருந்தன, ஒரே நூலில் இல்லை. துப்பும் சிரிப்பும் சாம்புவிடம் போயின. காதலும் ஆள்மாறாட்டமும் ‘கோமதியின் காதல’னிடம் போயின. பின்னது 1955இல் படமாகவும் வந்தது. சாம்புவுக்கு வேம்பு என்று மனைவி உண்டு. ஆனாலும் சாம்புவின் கதைகளில் காதல் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆக, தமிழில் இந்த நாற்காலி இன்னும் காலிதான். சாம்புவின் அசட்டுத்தனம், சுசீலாவின் வாய், சேயர்ஸின் முடிச்சு மூன்றும் சேர்ந்த ஒரு நாவல் நமக்கு வர வேண்டும். நீங்கள் எழுத நினைத்தால் முதலில் ‘துப்பறியும் சாம்பு’வைப் படித்துவிடுங்கள்; இன்றும் அச்சில் கிடைக்கிறது. நான் சொன்ன கணக்கர் கதையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் நீங்கள்தான் போட வேண்டும்.