வகுப்புப் பெயரும் நிலைமையும்

நானுஓயாப் புகையிரத நிலையம், கொழும்பிலிருந்து பதுளை செல்லும் மலைநாட்டுப் பாதையில், நுவரெலியாவுக்கு வாயிலாக அமைந்துள்ளது. மழை மிகுந்த காலத்தில் மண்சரிவினால் இப்பாதையில் வண்டிகள் தாமதித்தலும் இரத்தாதலும் உண்டு. அந்நிலையத்து வண்டிகளின் நிலைமையைக் கைத்தொலைபேசியிற் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை ஒருவர் அமைக்கிறார் எனக் கொள்வோம். தோட்டத்திலிருந்து விடியுமுன் புறப்படும் பயணி அப்பக்கத்தை நம்பியே வீட்டை விட்டு இறங்குவார். ஆதலின் அதிற் பிழை நேரலாகாது.

வலைப்பக்கத்தின் பொருளை ஓரிடத்தும், நிறம் முதலிய தோற்றத்தை நடைத்தாள் எனப்படும் பிறிதோரிடத்தும் எழுதுதல் முறை. நடைத்தாளுக்குரிய சீ.எஸ்.எஸ். என்னும் மொழியை ஹோக்கன் வியூம் லீ 1994 ஆம் ஆண்டில் முன்மொழிந்தார்; அதன் முதற்பதிப்பு 1996 டிசம்பரில் வெளிவந்தது. பொருளையும் தோற்றத்தையும் இணைப்பது வகுப்புப் பெயர். ஓர் உறுப்புக்கு இடைவெளி விட்டுப் பல பெயர்களைச் சூட்டலாம், தமிழெழுத்திலும் சூட்டலாம். “வண்டி” என்பது என்றும் நிற்கும் பெயர். “தாமதம்”, “இரத்து” என்பன நிலைமைக்கேற்ப வந்து சேர்வன. அவற்றைச் சேர்ப்பது ஜாவாஸ்கிரிப்ட்டின் தொழில்.

இச்சேர்க்கையில் நேரும் பிழைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன. முதலாவது, இடைவெளியின்றி ஒட்டுதல். “வண்டிதாமதம்” என எழுதின், அது ஒரே புதுப்பெயராகிவிடும். அதற்கு விதியின்மையால் உரிய தோற்றம் முழுவதும் மறையும். புணர்ந்த சொல்லை மாணவன் பிரித்துணர்வான், இயந்திரம் உணராது. இரண்டாவது, நிலைமை பொய்யாகும்போது “ஃபால்ஸ்” என்னும் சொல்லே பெயராய் ஒட்டிக்கொள்ளுதல். கிளாஸ்நேம்ஸ் போன்ற சிறு கருவிகள் பொய்யானவற்றை நீக்கி, எஞ்சியவற்றை இடைவெளியோடு கோத்துத் தருவதால் இவ்விரண்டும் நீங்கும்.

மூன்றாவது பிழை கருவியால் நீங்குவதன்று. தாமதமெனக் குறிக்கப்பட்ட வண்டி பின்னர் இரத்தாகிறது. இரு நிலைமைகளையும் தனித்தனியே வினவிப் பெயர் சேர்த்தால், “தாமதம்”, “இரத்து” இரண்டும் உடனிற்கும். அவற்றுள் எதன் நிறம் தோன்றும்? பெயர்களை எழுதிய வரிசை அதனைத் தீர்மானிப்பதில்லை. ஒத்த வலிமையுடைய விதிகளுள் நடைத்தாளிற் பின்வருவதே வெல்லும். “தாமதம்” என்பதன் விதி பின்னே இருப்பின், இரத்தான வண்டி தாமதமான வண்டியாகவே காட்சி தரும். பயணியோ வாராத வண்டிக்காகக் குளிரிற் காத்திருப்பார்.

ஆகவே நிலைமைகளை முதற்கண் இருவகையாகப் பகுத்தல் வேண்டும். குறித்த நேரம், தாமதம், இரத்து என்பன ஒன்றையொன்று விலக்குவன. இவற்றுள் ஒன்றைத் தெரிந்து அதன் பெயரை மட்டுமே சேர்த்தல் தகும். முன்பதிவு உண்டு என்பது போன்றவை எதனோடும் உடனிற்பன. அவற்றைத் தனியே வினவிச் சேர்க்கலாம். பெயரும் “சிவப்பு” என நிறம் பற்றி அமையாது, “இரத்து” எனப் பொருள் பற்றி அமைதல் நன்று. நிறம் நாளை மாறினும் பெயர் பொய்க்காது. நிறவேறுபாடு காண இயலாதவரும் உளராதலின், “இரத்து” என்னும் சொல்லைப் பக்கத்திலும் எழுதிக் காட்டுதல் வேண்டும்.

பெயர் சேர்த்தல் சிறு தொழிலே. எனினும் நிலைமையைத் தெளிவாகப் பகுத்தறிந்த பின்னரே அது செவ்விதின் நடைபெறும்.